அப்பாவின் ஒரு வரியும் என் கறுப்புத் திரையும்

அப்பா டைரியில் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் எழுதுவார். உரக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் டைரி. "நாற்றுப் பறி, ஆள் 6." "மடைக்குத் தண்ணீர் வந்தது." அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஓட்டைப் பிரித்துப் போட்டபோது பதினோரு வருட டைரிகள் ஊறி, மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அன்று எல்லார் வீட்டிலும் இதைவிடப் பெரிய இழப்பு இருந்ததால் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் நானும் ஒரு நோட்ஸ் ஆப்பில்தான் எழுதினேன். திறந்ததும் தலைப்பு கேட்கும், லேபிள் கேட்கும், கலர் கேட்கும். எழுத வந்தது மறந்துபோகும். இரண்டு வருடத்தில் அதுவும் கடையை மூடியது. போகும்போது கொடுத்த கோப்பைத் திறக்க அந்த ஆப்பே வேண்டுமாம்!

இப்போது லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், ஓரெழுத்துக் கட்டளை, பக்கத்தில் ஒரு வரி, என்டர். தேதியோடு கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பது, கொடுத்த வரியை அப்படியே திருப்பித் தரும் எக்கோ (echo) கட்டளையும், கணக்கில் 'பெரிது' என்று போடுவோமே, அந்தக் குறி இரண்டும் (>>). இதற்கென்றே ஜேஆர்என்எல் (jrnl) போன்ற நிரல்கள் உண்டு. எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் குறி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒன்று போட்டேன். ஏழு மாதம் போய், "கொசு தாங்கவில்லை" என்ற ஒரு வரி மிஞ்சியது. அப்புறம்தான் நோகிளாபர் (noclobber) என்ற அமைப்பைப் போட்டு வைத்தேன். அது இருந்தால், ஏற்கெனவே இருக்கிற கோப்பை ஒற்றைக் குறி அழிக்காது. பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் கிட்டிலும் (git) தினம் ஒரு பிரதி ஏறுகிறது.

தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். பார்க்கக் கண்றாவி. ஆனால் கோப்பு யூனிகோடில் சரியாகவே இருக்கும். வேறு எடிட்டரில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும்.

தேடுவதில்தான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். கோப்பில் தேடித் தரும் கிரெப் (grep) கட்டளையில் "வாய்க்கால்" என்று தேடினால் "வாய்க்காலில்" இருக்கிற வரி அகப்படாது. கடைசிப் புள்ளி தனிக் குறியீடு, உருபு சேர்ந்ததும் அந்த இடத்தில் வேறு குறி வந்துவிடுகிறது. புள்ளியை விட்டுவிட்டு "வாய்க்கால" என்று தேடுங்கள், இரண்டும் வரும். குளத்துக்கு "குள" போதும்.

மேட்டூரை 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-ல். இதை எந்தப் பேப்பரிலும் பார்த்துக்கொள்ளலாம். கடைமடையில் எங்கள் மடைக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது என்று எந்தப் பேப்பரும் போடாது. நாற்றங்காலுக்கு நாள் குறிக்க அந்தத் தேதிதான் வேண்டும். போன வாரம் அப்பா, "ஏம்மா, ஜூலையில திறந்த வருஷம் நமக்கு எப்ப வந்துச்சு?" என்றார். ஒரு கட்டளை. "ஆகஸ்ட் 14, சாயங்காலம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை ஒருமுறை பார்த்தார். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"சரி, ஆள் கூலியையும் அதுல போட்டு வை" என்றார்.