அக்காவின் எலும்பு வலியும், யாரும் எழுதித் தராத ஒரு டெஸ்டும்

என் அக்கா 17 வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறாள். பைபோலார், அதாவது மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய். அந்த மாத்திரை இல்லையென்றால் இன்று அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள் என்று மனதார நம்புகிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வருகிற ஆபத்து மிக அதிகம்.

என் ஆதங்கம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவு பார்த்தோம். சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின், தைராய்டு எல்லாம் பார்த்தோம். ஆறாவது வருஷம் தைராய்டு குறைந்தபோது உடனே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட கால்சியம் பார்க்கச் சொல்லவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அக்கா சோர்ந்தே கிடந்தாள். "தூங்கி எந்திச்சாலும் அடிச்சுப் போட்ட மாதிரியே இருக்குடீ" என்பாள். மலச்சிக்கல், ஓயாத தாகம், முதுகிலும் காலிலும் வலி, காரணமில்லாத அழுகை. நாங்கள் என்ன நினைத்தோம்? "மறுபடி ஆரம்பிச்சிட்டு" என்றோம். மனச்சோர்வு மாத்திரை ஒன்று கூடியது. எலும்பு வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில், மாதவிடாய் நிற்கிற வயது என்று சொல்லி கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்காமலே. நானே வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன வருஷம் வாசலில் லேசாகச் சறுக்கி விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. இவ்வளவு சின்ன விழுகைக்கு எலும்பு முறியக்கூடாதே என்று எலும்பு டாக்டர்தான் சந்தேகப்பட்டு கால்சியம் டெஸ்ட் எழுதினார். 11.8. 10.5-க்கு மேல் போனாலே அதிகம். அடுத்துப் பார்த்த பாராதைராய்டு ஹார்மோனும் கூடியிருந்தது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும், குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து நிரப்புவதும் இவற்றின் வேலை. லித்தியம் அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. கால்சியம் போதுமான அளவு இருந்தும் போதவில்லை என்று சுரப்பி ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கிறது. எலும்பு கரைகிறது, ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. ஏறினால் சோர்வு, மலச்சிக்கல், தாகம், குழப்பம், மனச்சோர்வு. அக்கா இரண்டு வருஷமாகச் சொன்னது அத்தனையும் இதுதான். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள் சொன்னால் உடம்பு வலியும் மனசுக் கணக்கில்தான் ஏறுகிறது. டாக்டர்களை மட்டும் சொல்லவில்லை, கூடவே இருந்த நானும் அப்படித்தான் ஏற்றினேன்.

இது அபூர்வம் என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, பொதுமக்களில் 0.1 சதவீதம் பேருக்கு இருக்கும் இந்தச் சுரப்பிக் கோளாறு, லித்தியம் சாப்பிடுகிறவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொன்னது. பிரிட்டனின் 2014 வழிகாட்டுதலில் சிறுநீரகம், தைராய்டோடு கால்சியத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் எந்தச் சின்ன லேபிலும் பார்க்கக்கூடிய டெஸ்ட்தானே இது? லித்தியம் ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்து வைத்தால், பிறகு ஏறுவது தெரிந்துவிடும்.

இன்னொன்று. மணிக்கட்டு வலிக்குக் கடையில் வாங்கித் தின்னும் புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் லித்தியம் அளவை ஏற்றிவிடும். கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்குப் பெருத்திருந்த இரண்டு சுரப்பிகளை எடுத்தார்கள். கால்சியம் இப்போது 9.6. லித்தியம் தொடர்கிறது. போன வாரம் ரத்தம் எடுக்கப் போனபோது லேப் பெண்ணிடம் சீட்டை நீட்டி, "கால்சியமும் இருக்கான்னு பாத்துக்கம்மா" என்று அக்காவே கேட்டாள்.