யூ இல்லாத க்யூ

மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் பைத்தியம். ஆங்கிலத்தில் க்யூ வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே யூ வரும். அவள் போகும் ஒரு வகுப்பில் அப்படிப் பின்னால் யூ வராத க்யூ சொற்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஃபகீர், காதி, நிகாப், புர்கா, தலாக் என்று போகிறது. எழுத்துகளை மனப்பாடம் பண்ணினால் போதும், பொருள் வேண்டாம் என்றார்களாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

சொற்கள் தேவைதான். 100 கட்டைகளில் க்யூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. கடைசியில் க்யூ கையில் தங்கினால் நமக்கு 10 புள்ளி குறையும், ஆட்டத்தை முடித்தவருக்கு அதே 10 ஏறும். மனப்பாடமே போதும் என்பவர்கள் நைஜல் ரிச்சர்ட்ஸைக் காட்டுவார்கள். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்ற நியூசிலாந்துக்காரர். அவர் நினைவாற்றல் அபூர்வம். என் மகளுக்கு அந்தத் தாள் இரண்டே நாளில் மறந்துபோனது.

நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம். பலகையில் ஓர் ஆர் காலியாக நிற்கிறது. அவள் கையில் எஃப், ஏ, க்யூ, ஐ. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-இல் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசலிலிருந்து வாங்கிய கஞ்சியோடு எதிர்வீட்டு ராவுத்தர் மாமா வந்தார். எட்டிப் பார்த்தவர், "என்னம்மா, பக்கிரியைக் கையில் வைத்துக்கொண்டா முழிக்கிறே?" என்றார்.

ஃபகீர். 17 புள்ளி.

அரபியில் ஏழை, இல்லாதவர் என்று பொருள் என்றார் மாமா. தொண்டையின் அடியிலிருந்து வரும் 'காஃப்' என்ற எழுத்தை அவரே ஒலித்துக் காட்டினார். மகள் நாலு தடவை முயன்று இருமினாள். சாதாரணக் ககரத்துக்கு ஆங்கிலத்தில் கே இருப்பதால், இந்த ஆழமான ஒலியைப் பிரித்துக் காட்ட க்யூவை வைத்தார்கள். அதனால்தான் பின்னால் யூ தேவைப்படவில்லை. தாளில் இருந்த பாதிச் சொற்களுக்கு இந்த ஒரு காரணம் போதும். க்யூ, ஐ என்று எழுதி 'சீ' என்று சொல்லப்படும் இரண்டெழுத்துச் சொல்லின் கதை வேறு. அது சீன மொழியிலிருந்து வந்தது, மூச்சு, உயிராற்றல் என்று பொருள். 1958-இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் எழுத்துமுறையில் க்யூ என்பது ஏறக்குறைய நம் 'ச்ச'.

இந்தச் சொற்கள் நமக்கு என்ன அந்நியமா? இங்கே முஸ்லிம் திருமணத்தை நடத்திவைப்பவர் காதி. புர்காவும், முகத்திரையான நிகாபும் எம்ஆர்டி ரயிலில் பார்ப்பது. அண்டை வீட்டுச் சொற்களையே நம் பிள்ளைகள் வெறும் எழுத்து வரிசையாக உருப்போடுவது எனக்கு வலிக்கிறது. வகுப்பு எடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லுக்கு ஒரு வரி, எந்த மொழி, என்ன பொருள் என்று சேர்த்து அச்சடியுங்கள். தாள் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தாவின் பெயர் பக்கிரிசாமி. தாளை எடுத்து, ஃபகீருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தாள்: "கொள்ளுத்தாத்தா".