‘வாட் கூடினால் நல்ல ஆங்கிள் கிரைண்டர்’: பரவும் தகவல் தவறு

வியாசர்பாடி, காசிமேடு பட்டறை வாட்ஸ்அப் குழுக்களில், இரும்பு அறுக்கும் கை மெஷினான ஆங்கிள் கிரைண்டர் பற்றிச் சுற்றும் செய்தி இது: “1,200 வாட் போட்ட மலிவு மெஷின், 650 வாட் கம்பெனி மெஷினை விட மேல். கார்டை (டிஸ்க்கைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மூடி) கழற்றினால் அதிலேயே 7 இன்ச் டிஸ்க் போடலாம்.”

இரண்டும் தவறு. வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு பகுதி சூடாகவே வீணாகும். தரம் பேரிங்கிலும் கியரிலும் ஆர்மேச்சரின் (மோட்டாரில் சுழலும் பகுதி) கம்பிச் சுற்றிலும் இருக்கிறது. வாங்கும் முன் ஸ்பிண்டிலை (டிஸ்க் மாட்டும் தண்டு) ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த மாடலுக்குக் கார்பன் பிரஷ் (மோட்டாரில் தேய்ந்து மாற்ற வேண்டிய கரித்துண்டு) கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். வீட்டில் எப்போதாவது ஒரு கம்பி அறுக்க மலிவு மெஷினே போதும். கார்டு மட்டும் உறுதியாக இருக்கட்டும்.

டிஸ்க் விஷயம்தான் ஆபத்து. 4 இன்ச் டிஸ்க்குக்கான மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். சாதாரண 7 இன்ச் டிஸ்க்கின் உச்சவரம்பு ஏறக்குறைய 8,500தான். அதை இந்த மெஷினில் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு வேகம், நொடிக்கு 80 மீட்டர் என்ற வரம்பைத் தாண்டி 104-ஐத் தொடும்; டிஸ்க் வெடித்துச் சிதறலாம், தடுக்கக் கார்டும் இல்லை. மெஷின் தகட்டிலும் டிஸ்க் லேபிளிலும் உள்ள எண்களை ஒப்பிட்டாலே தெரியும். டிஸ்க் நடுவளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும்.

அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த எண்களைச் சொல்லுங்கள்.