மெதுவா ஓடத் தெரியாதவனுக்கு எதுக்கு டைப் ஆர்?

யாழ்ப்பாணத்தில ஹொண்டா சிவிக் டைப் ஆர், மிற்சுபிஷி எவோ, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எண்டு வேகக் கார் வைச்சிருக்கிற பெடியளோட கதைச்சால் எல்லாரும் ஒரே பல்லவிதான். "அண்ணை, இது வேகமா ஓடுறதுக்கெண்டு செய்த கார். ரவுணுக்குள்ள மெதுவாப் போனால் வெட்டி வெட்டித்தான் போகும், ஒண்டும் செய்யேலாது." நான் இதை நம்புறேல்லை. இப்பிடிக் கார் உதறி உதறி வெட்டுறதில முக்கால்வாசி ஓடுறவன்ர காலில இருந்து வருது. மிச்சம் அவனே காசு குடுத்துப் பூட்டின சாமானில இருந்து வருது.

ஏ9 றோட்டில காலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு போறதுக்கு என்ன கெட்டித்தனம் வேணும்? பின்னேரம் அஞ்சு மணிக்குக் கஸ்தூரியார் வீதியால போய்ப் பாருங்கோ. சிக்னல் போடாமல் திரும்புற ஓட்டோ, ரியூசனுக்குப் போற சைக்கிள் பிள்ளையள், பாதி றோட்டில நிண்டு கதைக்கிற ஐயாமார். அதுக்குள்ளால, பக்கத்துச் சீற்றில இருக்கிற அம்மாவின்ர தலை ஆடாமல் ஒரு டைப் ஆரைக் கொண்டு போறவன்தான் என்ர கணக்கில றைவர்.

"பவர் கூடின கார், அதுதான் அடங்காது" எண்டுறது சுத்தப் புலுடா. 1997-ல வந்த ஈகே9 டைப் ஆரை எடுங்கோ. 1595 சீசீ இஞ்சின், 185 குதிரைவலு, உண்மைதான். ஆனால் அந்த வலு வாறது 8200 ஆர்பிஎம்மில (இஞ்சின் நிமிசத்துக்கு 8200 தரம் சுத்தேக்க). முறுக்குவிசையின்ர உச்சமே 7500-லதான். 2000 ஆர்பிஎம்மில அந்த இஞ்சின் பக்கத்து வீட்டு மாமாவின்ர சாதாரண 1600 சீசீ சிவிக்கை விடப் பெரிசா ஒண்டும் இழுக்காது. எவோ 8-ம் அப்பிடித்தான். இஞ்சின் காத்தை அமுக்கிற விகிதம் வெறும் 8.8; காத்தை உள்ள தள்ளுற டர்போ ஊதத் துவங்கும் வரைக்கும் அது ஒரு சோம்பேறி ரெண்டு லீற்றர் கார். கஸ்தூரியார் வீதியில எந்தக் குதிரையும் லாயத்தை விட்டு வெளிய வாறேல்லை.

பிறகேன் வெட்டுது? கியரைப் பாருங்கோ. ஈகே9-ன்ர முதல் கியர் விகிதம் 3.230, ஃபைனல் டிரைவ் (சில்லுக்குப் போக முதல் வாற கடைசிப் பல்லுச் சோடி) 4.400. டயர் அளவையும் சேர்த்துக் கணக்குப் பாத்தால் முதல் கியரில 1000 ஆர்பிஎம்முக்குக் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் வேகம், ரெண்டாம் கியரில 12. எங்கட ஆக்கள் 20 கிலோமீற்றர் வேகத்திலயும் முதல் கியரிலயே உருட்டிக்கொண்டிருப்பினம். அப்ப இஞ்சின் 2500-ல நிக்கும். அந்த இடத்தில காலை முழுசா எடுத்தால் ஈசியூ (இஞ்சினை நடத்துற கொம்பியூட்டர்) பெற்றோலை வெட்டும், இஞ்சின் காரைப் பின்னால பிடிச்சு இழுக்கும். திருப்பிக் காலை வைக்கப் பெற்றோல் வரும். கியர்ப்பெட்டியிலயும் சாஃப்டிலயும் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியெல்லாம் மற்றப் பக்கம் போய் டக்கெண்டு அடிக்கும். அதே 20-ல ரெண்டாம் கியரைப் போட்டால் 1600, 1700-லதான் இஞ்சின் நிக்கும். அதே கால் அசைவு மூண்டில ரெண்டு பங்கு பலத்தோடதான் சில்லுக்குப் போகும். இந்தச் சின்ன வேலையைச் செய்யிறது ஏன் இவைக்கு மானப் பிரச்சினையா இருக்கு எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. கார் ஒருக்கா உதறினால் ஓடுறவன்ர உடம்பு ஆடும். உடம்போட கால் ஆடும். கால் ஆட அக்சிலேற்றர் ஆடும், அது அடுத்த உதறலைக் குடுக்கும். தின்னவேலிச் சந்தையடியில முயல் மாதிரித் துள்ளித் துள்ளிப் போற கார் எல்லாத்திலயும் நடக்கிறது இதுதான். துள்ளத் துவங்கினால் கிளட்சைக் கொஞ்சம் அமத்துங்கோ, உடன அடங்கும். துள்ளாமல் இருக்க வேணுமெண்டால் குதிக்காலைத் தரையில ஊண்டி, பாதத்தின்ர வலது ஓரத்தைப் பக்கச் சுவரில சாத்தி வைச்சு, முன்பாதத்தால மட்டும் அமத்துங்கோ. கால் காரோட ஒட்டி நிண்டால் கார் ஆடினாலும் மிதி ஆடாது. கனடாவில, பிரான்சில இருந்து வாற மச்சான்மார் நடு மேட்டில காலை முண்டு குடுக்கச் சொல்லுவினம். அது அவையின்ர இடப்பக்க ஸ்ரியறிங்குக்குச் சரி; எங்கட காரில நடு மேடு கிளட்ச் காலின்ர பக்கம். (செருப்பையும் கழட்டிப் போடுங்கோ. வழுக்கிற செருப்போட நுணுக்கமா மிதிக்கேலாது.)

காரை எடுக்கிறதிலயும் ஒரு தேவையில்லாத ஆர்ப்பாட்டம். கண்டியில மேட்டில நிப்பாட்டி எடுக்கிறவன் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டினால் எனக்கு விளங்கும். எங்கட குடாநாட்டில எங்க மேடு கிடக்கு? தண்டவாளம் கடக்கிற இடத்தை விட்டால் எல்லாம் தட்டைத் தரை. சமதரையில அக்சிலேற்றரைத் தொடாமலே கிளட்சைப் பையப் பைய விட்டால், இஞ்சினில குறையொண்டும் இல்லாத கார் தானா உருளும். உருண்ட பிறகு மெல்லக் காலை வையுங்கோ. 3000 ஆர்பிஎம்மில வைச்சுக் கிளட்ச் முழுசாப் பிடிக்கும் வரை வழுக்க விட்டால், 1000-ல வழுக்கிறதை விட 9 மடங்கு சூடு பிளேட்டில ஏறும். வேகத்தின்ர வர்க்கத்துக்குத்தான் சூடு போகும், இது பள்ளிக்கூடத்தில படிச்ச பௌதிகம். நல்லூர்த் திருவிழா நேரம் பருத்தித்துறை வீதிப் பக்கம் கருகின மணம் வந்தால் அது கர்ப்பூரம் எண்டு நினைக்காதேங்கோ.

இதில எங்கட ஊருக்கு ஒரு பெருமையும் இருக்கு. மொறிஸ் மைனரில முதல் கியருக்கு சிங்ரோமெஷ் (கியர்ப் பல்லுகளின்ர வேகத்தைத் தானா ஒப்பாக்கிற சாமான்) கிடையாது. அதில ஹயர் ஓடின ஐயாமார் உருளுற காரில முதல் கியரைப் போட டபுள் கிளட்ச் அடிச்சு (கிளட்சை ரெண்டுதரம் மிதிச்சு), இஞ்சின் சத்தத்தைக் காதால கேட்டு, பல்லு உரசாமல் போட வேணும். 90-களில பெற்றோல் தடை வந்தபிறகு கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெயில ஓடினவை. மண்ணெண்ணெயில இஞ்சின் இலேசில தட்டும். குறைஞ்ச சுத்தில அமத்தி மிதிச்சால் வாள்வு கிலுகிலுத்த மாதிரிச் சத்தம் கேக்கும். அதனால காலை எவ்வளவு வைக்கிறது எண்டு அவைக்கு நல்லாத் தெரியும். அப்பிடி ஓடிப் பழகின ஒருத்தரிட்ட இண்டைக்கு ஒரு எவோவைக் குடுத்துப் பாருங்கோ. கொடிகாமம் போய் வரும் வரைக்கும் பின்சீற்றில குழந்தை எழும்பாது.

இனி ரேஸ் கிளட்ச் பைத்தியத்துக்கு வாறன். இஞ்சினில ஒரு வேலையும் செய்யேல்லை, கொம்பனி விட்ட 185 குதிரையே அப்பிடியே கிடக்கு, ஆனால் ஆறு துண்டு செராமிக் பிளேட் பூட்டியாச்சு. கொம்பனிப் பிளேட்டில முழு வட்டமா உராய்வுப் பட்டி இருக்கும், நடுவில ஸ்பிறிங் இருக்கும், அது அதிர்ச்சியை உறிஞ்சும். பிடிக்கிறது பையப் பைய நடக்கும். செராமிக் துண்டுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒண்டில் விடும், ஒண்டில் பிடிக்கும். அதோட லைற் ஃபிளைவீலும் (இஞ்சினோட சுத்துற பாரச் சில்லின்ர எடை குறைச்ச வகை) சேர்ந்தால் சரி: பாரம் இல்லாததால கிளட்ச் பிடிக்கிற நொடியில ஆர்பிஎம் பொத்தெண்டு விழும், கார் நிண்டுபோகும். நிக்கக் கூடாதெண்டு 3000-ல வைச்சு எடுப்பினம். அப்பிடி எடுக்கப் பிளேட் கருகும். பிளேட் கருகுது எண்டு அதை விடக் கடினமான பிளேட் வாங்குவினம். உரப்பான இஞ்சின் மவுண்ட் பூட்டினவன் கதை தனி, கார் அதிர்ற அதிர்வில அவனுக்குக் கண்ணாடியில பின்னால வாறது பஸ்ஸா லொறியா எண்டே தெரியாது. நகரப்பகுதியில காருக்கு வேக எல்லை 50. இந்தச் சாமான் எல்லாம் ஓட்டப் பந்தயத் திடலில பிரயோசனம். எங்கட குடாநாட்டில திடல் எங்க இருக்கு?

நிப்பாட்டுறதைப் பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. கார் நிக்கிற கடைசி முழத்தில பிரேக்கைக் கொஞ்சம் தளத்துங்கோ, மூக்கு குத்தாது. முன்னால போற பஸ்ஸோட ஒட்டிக்கொண்டு அரைக் கிளட்சில நிக்காமல், ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டுப் போட்டு ஒரேயடியா உருளுங்கோ. அந்த இடைவெளிக்குள்ள மோட்டச்சைக்கிள் பூரும். பூரட்டும்.

ஈகே9 எல்லாம் இப்ப 25 வருசம் தாண்டின கார். வெட்டுது எண்டு கராஜுக்குப் போனால் முதல் அக்சிலேற்றர் கேபிள் தளந்திருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. இஞ்சின் மவுண்ட் ரப்பர் வெடிச்சிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. ஐடில் வாள்வைக் கழட்டிக் கழுவச் சொல்லுங்கோ. இவ்வளவும் செய்த பிறகும் வெட்டினால் கிளட்சைக் கழட்டலாம். கழட்டினால் கொம்பனிப் பிளேட்டையே திருப்பிப் பூட்டுங்கோ, கராஜில நிக்கிற கூட்டாளி என்ன சொன்னாலும் பரவாயில்லை.