பாவத்தோடு தனியாகப் போராடுகிறவர்களுக்கு

திரும்பத் திரும்ப ஒரே பாவத்தில் விழுகிற ஒருவர் மனம் நொந்து ஆலோசனை கேட்டால், நம் சபைகளில் கிடைக்கிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள், வேதத்தை ஒழுங்காக வாசியுங்கள், வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள், ஆவியானவர் பெலன் தருவார். இதில் தவறான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் இவை எல்லாவற்றையும் ஒருவன் யாருக்கும் தெரியாமல் தனியாகவே செய்து முடித்துவிடலாம் என்பதை நாம் கவனிப்பதில்லை. எந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு காலையில் கண்ணீரோடு ஜெபிக்கிறானோ, அதே அறையின் கதவைச் சாத்திக்கொண்டுதான் இரவு பதினொரு மணிக்குமேல் கைப்பேசியைத் திறக்கிறான். அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி ஆண்டவர் சொன்னது, தெருச் சந்திகளில் மனுஷர் காணும்படி ஜெபித்தவர்களின் பகட்டுக்கு எதிராக. பாவத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வதற்கு அவர் கொடுத்த அனுமதியாக அதை வாசிக்க முடியாது.

பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் ஊழியம் செய்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பழகிப்போன ஒரு பாவத்தை, அது குடியாகட்டும், ஆபாசக் காட்சிகளாகட்டும், சூதாட்டமாகட்டும், வீட்டில் மட்டும் வெடிக்கிற கோபமாகட்டும், இன்னொரு மனிதரிடம் வாய்திறந்து சொல்லாமலேயே மேற்கொண்டவர்கள் மிகச் சிலர். மன்னிப்பு தேவனிடத்திலிருந்து மட்டுமே வருகிறது. அதற்கு இடையில் எந்த மனிதரும் தேவையில்லை. ஆனால் மன்னிக்கப்பட்ட பாவத்திலிருந்து அன்றாட வாழ்க்கையில் விடுதலையாகிற காரியத்தை வேதம் வேறு விதமாகச் சொல்கிறது. யாக்கோபு, “நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்று எழுதியிருக்கிறார். அந்த வசனத்தின் பின்பாதியான நீதிமானின் ஊக்கமான வேண்டுதலை நம் வீட்டுக் காலண்டர்களிலெல்லாம் பார்க்கிறோம். முன்பாதியை நான் எந்தக் காலண்டரிலும் பார்த்ததில்லை.

தாவீது ராஜாவின் வீழ்ச்சியைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் அவன் யுத்தத்துக்குப் போகாமல் எருசலேமில் இருந்ததையும் மாலையில் அரமனை உப்பரிகையின்மேல் உலாவியதையுமே பேசுகிறார்கள். இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மூன்றாம் வசனம். உப்பரிகையிலிருந்து தான் கண்ட ஸ்திரீ யார் என்று விசாரிக்க ராஜா ஆள் அனுப்புகிறான். அவள் எலியாமின் குமாரத்தி, ஏத்தியனாகிய உரியாவின் மனைவி என்று பதில் வருகிறது. அவள் இன்னொருவனுடைய மனைவி என்பதை, அதுவும் தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியலில் பெயர் இருக்கிற ஒருவனுடைய மனைவி என்பதை, பாவம் நடப்பதற்கு முன்பே ஒரு மனித வாய் அவன் காதில் போட்டுவிட்டது. “சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது உண்மையானால், அந்த இரவில் தாவீதுக்குக் கிடைத்த போக்கு அந்தப் பதில்தான். ஆனால் சொன்னவன் வேலைக்காரன். ராஜாவிடம் தகவல் சொல்லலாமே தவிர, அதற்குமேல் கேள்வி கேட்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். அவளை அழைத்துவரப் போனவர்களுக்கு விஷயம் தெரியும். உரியா தன் வீட்டுக்குப் போகாமல் அரமனை வாசலில் படுத்திருந்ததை ராஜாவிடம் அறிவித்தவர்களும் ஏதோ புரிந்துகொண்டிருப்பார்கள். உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி தாவீது எழுதிய கடிதத்தைப் படித்த படைத்தலைவன் யோவாபுக்குத் தெரியும். அரமனையில் இத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் தாவீதிடம் கேட்பதற்கு ஒருவனும் இல்லை. குழந்தை பிறந்த பிறகு தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து நிற்கும்வரை யாரும் கேட்கவில்லை. அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்பதை 32-ஆம் சங்கீதம் சொல்வதாகவே பலரும் வாசிக்கிறார்கள்: “நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று.” இந்தக் காலத்திலெல்லாம் தாவீது ஜெபிப்பதையும் பலியிடுவதையும் நிறுத்தியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ராஜாவின் ஆராதனைகள் வழக்கம்போல் நடந்துகொண்டே இருந்திருக்கும்.

சரி, தாவீது விழுந்தவன். விழாதவரைப் பார்ப்போம். கெத்செமனேயில் நம் ஆண்டவர் பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டுபோய், “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்கிறார். பாவமில்லாத தேவகுமாரன் தம்முடைய போராட்டத்தின் உச்சத்தில் மூன்று மீனவர்களிடம் தம் உள்ளத்தின் நிலையைத் திறந்து சொல்லி, கூட இருக்கும்படி கேட்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம், அவர் கேட்டார். அதே இரவில், எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன் என்று அடித்துச் சொன்ன பேதுரு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. விடிவதற்குள் அவன் மூன்று தரம் மறுதலித்தான்.

கடந்த நூற்றாண்டில் இந்த உண்மை எங்கே வேலை செய்தது என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும். 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில், மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் நின்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரக் காரியம் தோற்றுப்போயிருந்தது. ஊரில் தெரிந்தவர் என்று சொல்ல ஆள் இல்லை. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. மறுபக்கத்தில் ஊரிலுள்ள ஆலயங்களின் பட்டியலும் தொலைபேசியும் இருந்தன. அவர் மதுக்கூடத்துக்குப் போகாமல், பட்டியலிலிருந்த ஒரு போதகரைத் தொலைபேசியில் அழைத்து, குடியோடு போராடுகிற இன்னொருவரிடம் தான் உடனே பேசியாக வேண்டும் என்று சொன்னார். அந்த அழைப்பு வேறு சில அழைப்புகளாகத் தொடர்ந்து, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதினைந்து நிமிடம் மட்டும் பேசுவதாக வந்த மருத்துவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். இடையில் ஒருமுறை விழுந்து எழுந்த டாக்டர் பாப், அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதிக்குப் பிறகு குடிக்கவே இல்லை. அந்த நாளையே ஏ.ஏ. என்று நாம் அறிந்த மதுமீட்புக் குழுக்களின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள்.

அந்த இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகள் இன்னவை என்று தேவனிடத்திலும், தன்னிடத்திலும், இன்னொரு மனிதரிடத்திலும் ஒப்புக்கொள்வது. இதை அவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் இருவருமே ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்ஃபர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தோடு தொடர்புள்ளவர்கள். ஒருவருக்கொருவர் பாவ அறிக்கை செய்வது அங்கே வழக்கம். நம் ஊர்களில் சில இடங்களில் ஏ.ஏ. கூட்டங்கள் ஆலய வளாகத்து அறைகளிலேயே நடக்கின்றன. ஒரு பக்கத்து அறையில் மனிதர்கள் தங்கள் வீழ்ச்சியைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். நாமோ ஆலயத்துக்குள் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறோம்.

நம் சாட்சிக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். யார் எழுந்து பேசுகிறார்கள்? முன்பு குடித்தேன், இப்போது இல்லை. முன்பு தவறான வழியில் இருந்தேன், கர்த்தர் தூக்கியெடுத்தார். இவை உண்மையான சாட்சிகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை விழுந்தவனுக்கு அந்தக் கூட்டத்தில் பேச இடமில்லை. பாவம் எல்லாம் இறந்த காலத்தில்தான் இருக்கவேண்டும் என்ற எழுதப்படாத விதி நம்மிடம் இருப்பதால், நிகழ்காலத்தில் போராடுகிறவன் தன்னைத் தவிர மற்ற எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள் என்று எண்ணுகிறான். “உங்களில் ஒருவனாகிலும் பாவத்தின் வஞ்சனையினாலே கடினப்பட்டுப்போகாதபடிக்கு” நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லும்படி எபிரெயர் நிருபம் கட்டளையிடுகிறது. அந்த வஞ்சனையின் பெரும்பகுதி, எனக்குத் தெரிந்தவரை, நீ ஒருவன்தான் இப்படி என்ற பொய்.

ரோமன் கத்தோலிக்கர் குருவிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தை விட்டுவந்த புரொட்டஸ்டன்ட்டுகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். லூத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட பாவமன்னிப்பு அறிவிப்பைச் சபைகளில் நீக்காமல் வைத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் முன்னோருக்கு ஆராதனை கற்றுக்கொடுத்த ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெபப் புத்தகம், தன் மனச்சாட்சியைத் தானே அமைதிப்படுத்த முடியாதவர் திருவிருந்துக்கு முன்பு போதகரிடம் வந்து தன் பாரத்தைத் திறந்து சொல்லும்படி அழைக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், வாரந்தோறும் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன: கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனைகள் என்ன, அவற்றிலிருந்து எப்படித் தப்புவிக்கப்பட்டாய்? பாவத்தோடு நிறுத்தாமல் சோதனையையும் கேட்டாரே, அங்கேதான் வெஸ்லியின் அனுபவ ஞானம் தெரிகிறது. இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கும் என்று யாக்கோபு சொல்கிறார். கர்ப்பத்துக்கும் பிறப்புக்கும் இடையில் காலம் இருக்கிறது. சொல்லவேண்டிய நேரம் அதுதான். விழுந்த பிறகு சொல்வதைவிட, இழுப்பு தொடங்கும்போதே சொல்வது எளிதும் ஆகும், பயனும் அதிகம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? அனுமதியோடு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், ஜவுளிக்கடையில் வேலை செய்கிற ஒரு தம்பி இருக்கிறார். சம்பள நாளன்று வீட்டுக்குப் போகிற வழியில் டாஸ்மாக் கடை. வேறு வழியில் சுற்றிப்போனால் கடைசிப் பேருந்து தவறிவிடும். பாடகர் குழுவிலுள்ள மூத்த அண்ணாச்சி ஒருவரிடம் ஒருநாள் இதைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சம்பள நாள் இரவு ஜவுளிக்கடை அடைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சியின் அழைப்பு வந்துவிடும்: “கெளம்பிட்டியாடே?” பிரசங்கம் எதுவும் கிடையாது. மழையைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை பாட்டில் இரண்டாம் குரல் எடுபடாததைப் பற்றியும் பேசிக்கொண்டே, அந்தக் கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரும்வரை தொடர்பில் இருப்பார்கள். சில மாதங்களில் தம்பி விழுந்திருக்கிறார். மறுநாள் காலையில் அவரே அழைத்துச் சொல்லியிருக்கிறார்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் நம் ஊரின் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஒருவரிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்ற பயம் வீண் பயம் அல்ல. “ஒரு சகோதரருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், விவரம் கேட்காதீர்கள்” என்று வாட்ஸ்அப் குழுவில் வருகிற ஜெபக் குறிப்பைப் படித்ததும், அந்தச் சகோதரர் யார் என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறதே! ஆகவே இது பெரிய கூட்டத்தில் செய்கிற காரியம் அல்ல. ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள், இரண்டு பேர் அல்லது மூன்று பேர் போதும். இதுவரை மற்றவர்களுடைய கதையை உங்களிடம் வந்து சொன்னவரிடம் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள்; நம்பிச் சொல்லத் தகுந்தவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். பிறருக்கு இழைத்த குற்றத்தை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை, ஜெபித்து மூடிவிடுவதற்கு இது வழி ஆகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கிறவர்கள் யாக்கோபின் வசனத்தைத் துணைக்கு அழைக்கக்கூடாது.

இதில் மிகவும் தனிமையானவர்கள் நம் போதகர்கள் என்பது என் கணிப்பு. சபையார் எல்லாரும் ஐயரவர்களிடம், அதாவது போதகரிடம், வந்து சொல்கிறார்கள். ஐயரவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்? கமிட்டியில் சொன்னால் அடுத்த தேர்தலில் அது ஆயுதமாகும். மேலிடத்தில் சொன்னால் இடமாற்றத்தில் எதிரொலிக்கும் என்ற பயம். ஊருக்குள் நண்பர் என்று ஒருவர் கிடைப்பதற்குள் அடுத்த சேகரத்துக்குப் போகவேண்டியிருக்கும். தாவீதின் அரமனையைப்போலவே, அவரைச் சுற்றிக் கவனிக்கிறவர்கள் ஆயிரம் பேர், கேட்கிறவர் ஒருவரும் இல்லை. போதகர்கள் மாதாந்தரம் கூடும்போது சேகரக் கணக்குக்கும் கட்டட நிதிக்கும் ஒதுக்குகிற நேரத்தில் அரைமணி நேரத்தையாவது எடுத்து, இரண்டிரண்டு பேராக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெஸ்லியின் அந்தக் கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள விடலாம். யாரும் குறிப்பு எழுதக்கூடாது, அறிக்கையும் அனுப்பக்கூடாது. பொறுப்பில் இருக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படித்தால், வருகிற லெந்து என்னும் தபசு காலத்திலேயே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.