ஜாக் வில்லியம்சன் தந்த சொல் எது?

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜாக் வில்லியம்சனுக்கு அஞ்சலி எழுதும்போது, 'ஜெனடிக் இன்ஜினியரிங் (மரபணுப் பொறியியல்) என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்பு புரிகிறது, ஆனால் தகவல் சரியல்ல. 1951-இல் வந்த அவருடைய நாவலுக்கு முன்பே உயிரியலாளர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உண்மையில் அவர் தந்த சொல் 'டெராஃபார்மிங்'. வேறொரு கோளை மனிதர் வாழத் தக்கதாக மாற்றுவது. 1942-இல் அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதை இதழில், வில் ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் எழுதிய கதையில் அது வந்தது. இன்று செவ்வாயைப் பற்றிப் பேசும் விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள். இதைவிடப் பெரிய பெருமை வேண்டுமா?

அப்புறம், மலிவுத் தாளில் வந்த அந்தக் காலக் கதை இதழ்களான பல்ப் இதழ்களோடு அவர் காலம் முடியவில்லை. 1928-இல் முதல் கதை வந்தது. 2001-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றபோது அவருக்கு வயது 93.