லாங் ஐலண்ட்: மணல் எங்கே போகும் என்றும் கேட்போம்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் கடலில் நிலம் மீட்டு உருவாக்கவிருக்கும் லாங் ஐலண்ட் என்றாலே நம்மிடையே பேச்செல்லாம் வீடு, நீர்த்தேக்கம், வெள்ளத் தடுப்பு என்றுதான் போகிறது. அதெல்லாம் வேண்டியதுதான். கடல்மட்டம் ஏறிவரும்போது தாழ்வான ஈஸ்ட் கோஸ்ட்டை அப்படியே விட்டுவிட முடியாது. ஆனால் மணலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

சிங்கப்பூர் நீரிணை பருவத்துக்குப் பருவம் திசை மாறும் கடல். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் நீரை மேற்கே தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்றில் ஓட்டம் கிழக்கே திரும்பும். அன்றாட ஏற்றவற்றம் தனிக்கணக்கு. வண்டலைக் கலக்கிக் கிளப்புவது அலையும் ஏற்றவற்றமும்; கிளம்பியதை மாதக்கணக்கில் ஒரே பக்கமாக ஒதுக்குவது பருவக்காற்று.

ஜனவரியில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கரையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அலை சாய்வாக ஏறும், சரிவில் நேராக இறங்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் மேற்கே நகர்ந்திருக்கும். 1966இல் தொடங்கிய நில மீட்பில் உருவான கரை அது. மணல் ஓடிவிடக் கூடாதென்றுதான் பாறைகளை முனைகளாகக் குவித்து, நடுவே கரை வளைந்துகொள்ள இடம்விட்டார்கள். அருமையான யோசனை, கடலோடு மல்லுக்கு நிற்காத யோசனை. அப்படியும் சில வளைவுகளில் ஒரு முனை மேடிட்டுக் கிடக்கும்; மறுமுனையில் கரை அரித்து மரவேர் வெளியே தெரியும்.

சென்னையைப் பாருங்கள். தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் மறித்தது. மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்து, கல்லைக் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. மெரினாவில் காற்று வாங்கும் நாம், வீடிழந்த வடசென்னை மீனவர்களை எத்தனை முறை நினைத்திருப்போம்?

நுண்ணிய வண்டல் இன்னும் பொல்லாதது. எளிதில் படியாது, வெளிச்சத்தை மறைக்கும். நம் தென்தீவுகளில் ஏறத்தாழ 8 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பவளம் அருகிவிடுவதற்கு இந்தக் கலங்கலே முக்கியக் காரணம்.

2023இல் அறிவித்த திட்டம் சுமார் 800 ஹெக்டர். ஆய்வுகள் நடக்கின்றன. அடுத்த கருத்துக்கேட்பில் நான் கேட்கப்போவது இவைதான்: நீரோட்டத்தையும் வண்டலையும் இரண்டு பருவங்களிலும் அளந்தார்களா? புதுக்கரைக்கு மேற்கே மணல் எங்கே குறையும்? தூர்வாரும்போது கிளம்பும் சேறு தென்மேற்குக் காற்றில் எங்கே போகும், வடகிழக்கில் எங்கே போகும்? வருகிறவர்கள் நீங்களும் கேளுங்கள்.